தொண்டையில் ஏறிய காய்ப்பு

'கௌரவ விரிவுரையாளர்' என்று பெயர் சூட்டிய அதிகாரிக்குச் சிலை வைக்கலாம். சம்பளத்தில் தர மனமில்லாததைப் பட்டத்தில் தந்துவிட்டார்.

அரசுக் கல்லூரிகளில் பகுதி ஒன்று தமிழ் வகுப்புக்குப் போய்ப் பாருங்கள். வேதியியல், வணிகவியல், கணினி என மூன்று துறைப் பிள்ளைகளையும் ஒரே கூடத்தில் அடைத்திருப்பார்கள். தலைக்கு மேல் மின்விசிறி கடகடக்கும். ஜன்னலுக்கு வெளியே பேருந்து அலறும். மைக்கா? இருக்கிறதே, கலையரங்கில், பூட்டுக்குள். ஆண்டு விழாவுக்கு மாண்புமிகு வந்தால் நாலு மைக் வாய்க்கு முன்னால் நிற்கும். அவர் பேசுவது பத்து நிமிடம், அதில் ஏழு நிமிடம் மேடையில் இருப்பவர்களின் பெயர். வருஷம் முழுக்க இந்தக் கூடத்தில் பேசுகிற கௌரவ விரிவுரையாளர் அம்மாவுக்கு ஆண்டவன் கொடுத்த தொண்டை போதும்.

பெண் பேசும்போது குரல் நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 200 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. கத்தினால் மோதல் இன்னும் பலமாகும். மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பு ஏறுமே, அதுபோல நாணிலும் முடிச்சு விழும். முதலில் கரகரப்பு, பிறகு வலி, பிறகு வெறும் காற்று.

"அதிமதுரத்தை வாயில அடக்கிக்கோங்க மேடம்" என்கிறது நிர்வாகம். மருத்துவரோ பேசாமல் ஓய்வெடுக்கச் சொல்கிறார். ஓய்வுக்குத்தான் அரசு மே மாதத்தை ஒதுக்கியிருக்கிறதே! அந்த மாதம் வகுப்பில்லை, சம்பளமும் இல்லை. தொண்டையோடு வயிற்றுக்கும் ஓய்வு. மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொன்னது. அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் தமிழ்நாட்டில் கிடைத்தது அதில் பாதிக்கு மேல் இல்லை.

சட்டத்திடம் போகலாமா? ஆசிரியர் அன்றைய தொழில் தகராறு சட்டப்படி தொழிலாளி அல்லர், கற்பிப்பது உன்னதப் பணி என்று 1988இலேயே உச்ச நீதிமன்றம் கும்பிட்டு அனுப்பிவிட்டது. 2025 வரை நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் தொழில்நோய்ப் பட்டியல் ஒன்று இருந்தது. இரைச்சலில் காது கெட்டால் அதில் இடமிருந்தது. அந்த இரைச்சலை மீறிக் கத்தித் தொண்டை கெட்டால் இல்லை. போலந்தில் ஆசிரியரின் குரல் கேடு தொழில்நோய். அங்கே ஆசிரியர்கள் அவ்வளவு உன்னதமானவர்கள் இல்லை போலிருக்கிறது, பாவம்!

தொண்டைக்குள் கேமராக் குழாயை விட்டுப் பார்க்கும் மருத்துவருக்கு இந்தச் சட்ட நுணுக்கமெல்லாம் தெரியாது. காய்ப்பைக் காய்ப்பு என்றே எழுதிக் கொடுக்கிறார்.

அந்தச் சீட்டை இணைத்துக் கோட்டைக்கு ஒரு மனு அனுப்பிவிட்டு, ஜூனில் அம்மாவுக்கு மறுபடி வகுப்பு. வருகைப் பதிவேட்டைத் திறந்து முதல் பெயரைக் கூப்பிடுகிறார். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "கேக்கல மேடம்!" என்கிறான். மனுவுக்குக் கோட்டையிலிருந்து வந்த பதிலும் அதுதான். அதில் 'மேடம்' மட்டும் இல்லை.