ரெய்டு அண்ணன்

“நம்ம இடத்துல ரெய்டு இருக்கு” என்று ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னால் அவர் நகைக்கடைக்காரர். அதையே நெஞ்சை நிமிர்த்திச் சொன்னால் கல்யாண வீடியோ எடிட்டர். இந்த இரண்டாவது ரகம் ஊருக்கு ஒருவராவது இருப்பார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், செருப்பைக் கழற்றிவிட்டு ஏற வேண்டிய மாடிப்படி, மேலே ஏசி அறை, மேசையில் ஒரு கருப்புப் பெட்டி. அதில் நான்கு தட்டு, தட்டுக்கு ஒரு 4 டிபி டிஸ்க்.

“மொத்தம் பதினாறு டிபி தம்பி” என்பார் அண்ணன். கைக்கு வருவது பன்னிரண்டுதான். ஒரு டிஸ்க் அளவு இடத்தைப் பெட்டி தன் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும்.

“நாலுல ஒண்ணு செத்தாலும் ஒண்ணும் ஆகாது. ரெய்டு ஃபைவ்!”

இதில் பொய் இல்லை. மொய் நோட்டில் ஒரு பக்கம் எழுதி அடியில் கூட்டுத்தொகை போடுகிறோம். நடுவில் ஒரு வரி கிழிந்துபோனால், கூட்டுத்தொகையிலிருந்து மற்றதைக் கழித்து மாமா எவ்வளவு எழுதினார் என்று கண்டுபிடித்துவிடலாம். பெட்டியும் அதைத்தான் செய்கிறது. இரண்டு வரி கிழிந்தால்தான் மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் சண்டை. 1987இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் என்ற மூவர் இந்த ஏற்பாட்டுக்கு ரெய்டு என்று பெயர் வைத்தபோது, அதிலிருந்த ‘ஐ’க்கு ‘விலை மலிவான’ என்று பொருள். பிறகு விற்கிறவர்கள் அதை ‘தனித்தனியான’ என்று மாற்றிக்கொண்டார்கள். அண்ணனிடம் பெட்டியின் விலையைக் கேட்டால் காரணம் விளங்கும்.

அண்ணனுக்குப் பெட்டி மேல் பக்தி உண்டு. அதோடு பழகத்தான் தெரியாது. தூசி படும் என்று பூத்துவாலை போட்டு மூடியிருப்பார். உள்ளே டிஸ்க்குகள் வியர்க்கும். ஆயுத பூஜையன்று காற்று போகும் சல்லடையில் ஒரு சந்தனப் பொட்டு, முகப்பில் எரியும் விளக்குகள் மேல் வரிசையாக நான்கு. பெட்டிக்குத் திருஷ்டி பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது என்பது அன்றிலிருந்து யாருக்கும் தெரியாது.

வேகம் பற்றி அவருக்கு ஒரு தீராத மனக்குறை. “இவ்ளோ காசு போட்டும் தாலி கட்டுற சீன் திக்குது தம்பி.” திக்காமல் என்ன செய்யும்? நொடிக்கு 400 எம்பி தாராளமாகத் தரக்கூடிய பெட்டியை அவர் செருகியிருப்பது ஒரு பழைய யுஎஸ்பி 2.0 ஹப்பில். அதன் ஏட்டுக் கணக்கே நொடிக்கு 480 மெகாபிட். எட்டால் வகுத்தால் 60 எம்பி. நடைமுறையில் 40 வந்தால் பெரிது. அதே ஹப்பில் மவுஸ், ஒரு பென்டிரைவ், அண்ணியின் போன் சார்ஜர். ஊர்க் கூட்டம் மொத்தமும் ஒற்றைக் கதவு மினி பஸ்ஸில் ஏறுகிறது.

இடமும் பாக்கி இல்லை. ஏழு வருட வளைகாப்புகள் உள்ளே அடைந்து கிடந்தன. சுழலும் டிஸ்க்கில் வெளி விளிம்பில் வேகம் அதிகம். உள்வட்டத்துக்கு வரவர ஏறத்தாழ பாதியாகிவிடும். பெட்டி பொதுவாக வெளியிலிருந்துதான் நிரம்பி வரும். கடைசியாக வந்த கல்யாணத்துக்கு உள்வட்டம்தான் கிடைக்கும், அதுவும் துண்டு துண்டாக. ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக விடுங்கள் என்று உதவிப் பையன் சொல்லிப் பார்த்தான். “காசு கொடுத்து வாங்கின இடத்தைச் சும்மா போடுறதா?” என்றார் அண்ணன். மாதம் ஒருமுறை டிஸ்க் முழுவதையும் படித்துச் சரிபார்க்கவும் பெட்டியிலேயே வழி உண்டு. ஒரே ஒரு முறை ஓட்டினார். அன்று எடிட்டிங் மெதுவாகப் போனது என்று நிறுத்திவிட்டார்.

பேக்கப் பற்றிக் கேட்டால் கோபம் வரும். “ரெய்டே பேக்கப்தானே தம்பி!” இந்த ஒரு வாக்கியத்தால் அழிந்த குடும்ப வீடியோக்களுக்குக் கணக்கில்லை. டிஸ்க் செத்தால்தான் ரெய்டு காப்பாற்றும். கை தவறி அழித்ததைக் காப்பாற்றாது. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே பிரதியை வைக்கும் ரெய்டு ஒன்றிலும் இதே கதைதான். கண்ணாடி முன் நின்று மீசையை எடுத்தால் கண்ணாடிக்குள் இருப்பவனுக்கு மட்டும் மீசை மிஞ்சுமா?

ஒரு நாள் பெட்டி கீச் கீச் என்று கத்தியது. அண்ணன் கத்தலை நிறுத்தும் பட்டனைக் கண்டுபிடித்து அழுத்தினார்; பிரச்சினை தீர்ந்தது. நாலு மாதம் கழித்து, நான் என் கல்யாண வீடியோவைக் கேட்டுப் போயிருந்த அன்று, கணினித் திரையில் ‘டிஸ்க் 2 பழுது’ என்று வந்தது.

“இதுக்குத்தான் ரெய்டு வாங்கினது. பாரு தம்பி” என்று எழுந்தார். இடமிருந்து இரண்டாவது தட்டைப் படக்கென்று உருவினார். பெட்டி அமைதியாகிவிட்டது.

“அண்ணே, அது பூஜ்யத்துலேர்ந்து எண்ணும்ணே” என்றான் பையன். பூஜ்யம், ஒன்று, இரண்டு. செத்திருந்தது மூன்றாவது தட்டு. அதன் சந்தனத்தை நகத்தால் சுரண்டினான். கீழே செக்கச் செவேலென்று விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இரண்டு வரி கிழிந்த மொய் நோட்டு. உருவியதைத் திரும்பச் செருகியும் பெட்டி அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மீட்டுத் தருகிறேன் என்ற ஒருவர் கேட்ட தொகை மண்டப வாடகையைத் தொட்டது. அண்ணன் யோசிக்கிறேன் என்றார், இன்றும் யோசிக்கிறார்.

போன வாரம் யூகேஜி படிக்கும் மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மேசையில் புதுப் பெட்டி, எட்டுத் தட்டு.

“ரெய்டு சிக்ஸ் தம்பி. ரெண்டு செத்தாலும் ஒண்ணும் ஆகாது.”

உதவிப் பையன் தட்டுகளுக்குப் பூஜ்யத்திலிருந்து ஏழு வரை எண் ஒட்டியிருந்தான். அதன் மேலும் சந்தனம் வைத்தாகிவிட்டது.