பின்வரிசைக் கிண்ணம்: காலமும் கருத்தும்

மிஞ்சிய உணவு மூவகைப்படும். ஒன்று, அடுத்த வேளைக்குள் தின்று தீர்க்கப்படுவது. இதில் ஆய்வுக்கு எதுவுமில்லை. இரண்டு, அன்றே கொட்டப்படுவது. இதற்கு வீட்டில் யாராவது திட்டிவிடுவதால் ஆய்வாளர் தேவையில்லை. மூன்று, தின்னவும் மனமின்றி, கொட்டவும் மனமின்றிக் கிண்ணத்தில் ஊற்றி ஃபிரிட்ஜுக்குள் வைக்கப்படுவது. இக்கட்டுரை மூன்றாவதைப் பற்றியது.

முன்னாய்வுகளைக் குறிப்பிடுவது மரபு. 2022இல் உலகில் வீணான 105 கோடி டன் உணவில் 60 விழுக்காடு வீடுகளிலிருந்து போனது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை. தோல், கொட்டை, எலும்பு எல்லாம் சேர்த்துத்தான். இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ. நல்ல உழைப்பு, ஆனால் கிண்ணத்தைப் பற்றித் தனி இயல் இல்லை.

கிண்ணத்தின் வரலாறு சுருங்கும் வரலாறு. முதல் இரவு சாம்பார் சட்டியிலிருந்து எவர்சில்வர் கிண்ணத்துக்கு இறங்குகிறது. மறுநாள் ஒரு கரண்டி குறைய, அதனினும் சிறிய கிண்ணம். மூன்றாம் நாள் ஊறுகாய்க் கிண்ணம். சாம்பார் குறையக் குறையத் தேய்க்கும் பாத்திரம் கூடுகிறது. இதற்குத் 'தலைகீழ் விதி' என்று பெயர். 'தேய்க்கிறவளுக்கில்ல தெரியும்' என்பது இதற்குக் கிடைத்துள்ள மிகப் பழைய உரை.

காலக்கணிப்பில்தான் சிக்கல். மண்ணடுக்கு முறைப்படி முன்வரிசைக் கிண்ணம் பிற்காலத்தது, பின்வரிசைக் கிண்ணம் முற்காலத்தது. சமைத்தவரோ எதையும் "நேத்து வச்சதுதான்" என்பார். "ஞாயித்துக்கிழமைதானேம்மா முருங்கைக்கா வாங்குனோம், இதுல கெடக்கே?" என்று மகன் அகச்சான்று காட்டுவான். அந்த முருங்கைக்காய் இடைச்செருகல், செவ்வாய்க்கிழமை அவியலிலிருந்து தவறி விழுந்தது என்பது 'அத்தையுரை'. கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில் பென்சிலால் எழுதப்பட்டு, மேலே பால் கணக்குப் போட்டதால் பாதி மறைந்து, மருமகள் குறிப்புரையோடு மட்டும் எஞ்சியுள்ள பிரதியில் இப்பாடம் காணப்படுகிறது. குறிப்புரை ஒரே சொல்: 'பொய்.'

புலவர்கள் தமக்குப் பிடித்த நூலை முந்நூறு ஆண்டு முன்னே தள்ளுவார்கள். சாம்பார் வைத்தவர் மூன்று நாள் பின்னே இழுப்பார். முறை ஒன்றுதான். சாம்பாரை முகர்ந்து பார்த்துவிடலாம், அவ்வளவே வேறுபாடு.

ஃபிரிட்ஜுக்கு முற்பட்ட காலத்தில் இக்குழப்பம் இல்லை. மிஞ்சிய சோற்றில் இரவே தண்ணீர் ஊற்றினார்கள். விடிந்தால் பழைய சோறு, மோர், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். குழம்பு மிஞ்சினால் மறுநாளும் அடுப்பேறிச் சுண்டக்குழம்பாகும். மாவு புளித்தால் பணியாரம். மிஞ்சியது எதுவானாலும் மறுநாள் அதற்கு ஒரு வேலை இருந்தது. ஃபிரிட்ஜ் வேலை கொடுப்பதில்லை, வாய்தா கொடுக்கிறது.

எதற்கு வாய்தா? இதுவே நம் கண்டுபிடிப்பு. நல்ல சாம்பாரைக் கொட்டினால் பாவம். கெட்ட சாம்பாரைக் கொட்டினால் சுத்தம். ஒன்று மற்றொன்றாக மாறச் சில நாள் பிடிக்கும். அந்த நாள்களைக் கடத்தத்தான் மின்சாரம் செலவாகிறது. பிறகு ஒருநாள் மூடியைத் திறந்து, மூக்கைச் சுளித்து, "கெட்டுப்போச்சு, இனி வச்சு என்ன பண்ண?" என்று நிம்மதியாகக் கவிழ்த்துவிடலாம். ஆக, ஃபிரிட்ஜ் காப்பது உணவை அன்று, மனசாட்சியை.

சென்னையின் ஒரு பாதியில் இந்தக் கிண்ணம் கவிழ்ந்தால், குப்பை பிரிக்கப்படாத பட்சத்தில், அடுத்த இடம் கொடுங்கையூர்க் குப்பைமேடு. மேட்டுக்கு அடியில் காற்றில்லாமல் மக்கும்போது மீத்தேன் பிறக்கும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்டும். மிஞ்சியதில் மிஞ்சியது என்ற பகுப்பில் இதையும் சேர்க்கலாமா என்பதில் அடுக்களைப் பள்ளியும் கொல்லைப்புறப் பள்ளியும் இன்னும் ஒத்துவரவில்லை.

இக்கட்டுரைக்கு 'மூடியியல்' என்று ஓர் இறுதி இயல் இருந்ததாகத் தெரிகிறது. அது கிடைத்திலது. எந்த வீட்டிலும் மூடி கிடைத்ததில்லை.