ராஜகிரிப் பீரங்கி

கேள்வி: செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி உச்சிவரை ஏறிப் பழைய பீரங்கியைப் பார்த்தேன். அதற்கும் இன்றைய பீரங்கிக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?
– வாசகர், திண்டிவனம்

பதில்: உச்சிவரை ஏறிய உங்கள் முழங்காலுக்கு முதல் வணக்கம்! வித்தியாசம், சாப்பிடும் வாயில் இருக்கிறது. பழையதற்கு மருந்து, குண்டு எல்லாம் முன்பக்கமாகத் திணிக்க வேண்டும். சுட்டதும் வண்டியோடு பின்னால் உருளும். தள்ளிவந்து மறுபடி குறிவைக்க வேண்டும். உங்கள் ஊருக்கு வடக்கே வந்தவாசியில் 1760 ஜனவரி 22 அன்று ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் பிரெஞ்சுத் தளபதி லாலியும் மோதியது இப்படிப்பட்ட பீரங்கிகளோடுதான். ஆங்கிலேயரின் ஒரு குண்டு பிரெஞ்சு மருந்து வண்டியில் விழ, வெடித்த வெடியில் அந்தப் பக்கத்து அணியே கலைந்தது.

1897-ல் பிரான்ஸின் 75 மி.மீ. பீரங்கி வந்தது. பின்பக்கம் குண்டு போடலாம். உதைப்பை எண்ணெயும் அழுத்தக் காற்றும் வாங்கிக்கொண்டு, குழாயை மட்டும் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். வண்டி அசையாது; நிமிடத்துக்குப் பதினைந்து குண்டு! முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் இப்படி வேகமாகச் சுடும் பீரங்கிகளால்தான் சென்னை மீது சுமார் 130 குண்டுகளைக் கொட்டிவிட்டு, எண்ணெய்த் தொட்டிகள் எரிய எரிய இருட்டில் மறைந்தது.

இந்த வாய்க்குத் தீனி போட ஆலைகள் வேண்டுமே. அதே உலகப் போரில், 1916-ல் பிரான்ஸில் நடந்த சோம் போருக்கு முந்தைய ஒரே வாரத்தில் பிரிட்டிஷ் பீரங்கிகள் 15 லட்சம் குண்டுகள் சுட்டன. ஆலைகளில் குண்டுகளுக்குள் டி.என்.டி. வெடிமருந்து நிரப்பிய பிரிட்டிஷ் பெண்களின் தோல் மஞ்சளாகிப் போனது; சிலர் அந்த நஞ்சிலேயே இறந்தார்கள். போர்முனையைப் பார்க்காமலே போரில் செத்தவர்கள் அவர்கள். நம் நீலகிரி அருவங்காட்டிலும் அதற்குள் கார்டைட் என்ற வெடிமருந்து ஆலை ஓடிக்கொண்டிருந்தது.