தட்டைக் கவிழ்ப்பவன்

பழைய சீனப் பீங்கான் சேகரிப்பவனை யாரும் விருந்துக்குக் கூப்பிடக் கூடாது. தட்டு வைத்தவுடன் அதைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்பான். எதிரே சாம்பார் வாளியோடு நிற்பவர், தட்டில் ஏதோ அழுக்கு போலிருக்கிறது என்று பதறிப்போய் வேறு தட்டு கொண்டுவருவார். அதையும் கவிழ்ப்பான். மேல்பக்கத்துப் பூவும் பறவையும் டிராகனும் எங்கள் ஆட்களுக்கு அப்புறம்தான். விஷயமெல்லாம் அடியில்.

அடியில் இருப்பது முத்திரை. நீல வண்ணத்தில், இரட்டை வட்டத்துக்குள் ஆறு எழுத்து: இன்ன வம்சத்து இன்ன பேரரசர் ஆட்சியில் செய்தது. வேலை நிமித்தமாக ஹாங்காங்கில் குடியிருக்கும் எனக்குத் தெரிந்த சீனமே ஏறக்குறைய இவ்வளவுதான். 1465 முதல் 1487 வரை ஆண்ட மிங் பேரரசர் செங்ஹுவாவின் பெயரைக் கடகடவென்று வாசிப்பேன். டீக்கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காதீர்கள்.

இவ்வளவு பாடுபட்டு வாசிக்கக் கற்றபின் முதலில் சொல்லித் தருவது, அதை நம்பாதே என்பதைத்தான். ஜியாங்ஸி மாகாணத்து ஜிங்டெஜென் ஊரில்தான் அரண்மனைச் சூளைகள் இருந்தன. 1677-இல் அந்த ஊர் அதிகாரி ஓர் உத்தரவு போட்டார்: நடப்புப் பேரரசர் காங்ஸியின் பெயரைப் பாத்திரத்தில் எழுதக் கூடாது. பாத்திரம் என்றால் உடையும், சில்லு குப்பைக்குப் போகும், பேரரசர் பெயர் குப்பையில் கிடக்கலாமா? குயவர்கள் யோசித்தார்கள். செங்ஹுவா காலமாகி இருநூறு வருஷம் ஆகப்போகிறது, அவர் வந்து புகார் கொடுக்கப் போவதில்லை. அவர் பெயரை எழுதிவிட்டார்கள். சிலர் வம்பே வேண்டாமென்று இரட்டை வட்டத்தைப் போட்டு உள்ளே காலியாக விட்டார்கள். ஆக, செங்ஹுவா என்று எழுதிய கிண்ணம் செங்ஹுவா காலத்ததாக இருக்கலாம், காங்ஸி காலத்ததாக இருக்கலாம், போன தீபாவளிக்கு முந்தின வாரம் செய்ததாகவும் இருக்கலாம். இதில் நடுப்பொய்க்கே முந்நூறு வயது தாண்டிவிட்டது. அந்தப் பொய்யை ஏலத்தில் எடுக்கக்கூட என் சம்பளம் போதாது.

உண்மையான செங்ஹுவா என்ன விலை என்பது 2014-இல் இதே ஹாங்காங்கில் தெரிந்தது. சேவலும் பெட்டையும் குஞ்சுகளும் வரைந்த, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கிண்ணம். ஷாங்காய்க் கோடீஸ்வரர் லியு யிச்சியன் அதை 28 கோடி ஹாங்காங் டாலர் கொடுத்து வாங்கினார். கிரெடிட் கார்டில் கட்டினார். 24 தடவை தேய்க்க வேண்டியிருந்தது. வாங்கிய கையோடு அதில் தேநீர் ஊற்றிக் குடித்துவிட்டார். குடிக்கும் புகைப்படம் வெளிவந்ததும் சீனாவில் பலருக்குக் கோபம். எனக்கு இல்லை. கிண்ணத்தைச் செய்ததே குடிப்பதற்குத்தான். அந்தக் கார்டில் சேர்ந்திருக்கும் புள்ளிகளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

இந்தப் பித்து பெரிய இடத்துப் பித்து. சாக்ஸனியை ஆண்ட பலசாலி அகஸ்டஸ் 1717-இல் பிரஷ்ய மன்னருக்குத் தன் குதிரைப்படை வீரர்கள் 600 பேரைக் கொடுத்துவிட்டு 151 சீனப் பீங்கான்களை வாங்கிக்கொண்டார். ஒரு பாத்திரத்துக்கு ஏறத்தாழ நாலு சிப்பாய். அந்தப் பெரிய நீல வெள்ளை ஜாடிகளை ட்ரெஸ்டனில் இன்றும் பார்க்கலாம். சிப்பாய்களிடம் யாரும் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. இதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். என் மனைவி, “நல்லவேளைங்க, நம்மகிட்ட படை இல்ல” என்றாள்.

அவளிடம் எந்தத் தகவல் சொன்னாலும் அது எனக்கெதிராகவே திரும்புகிறது. ஜிங்டெஜென்னில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் தாந்த்ரகோல் 1712-இல் எழுதிய கடிதத்தில், ஒரு பாத்திரம் முடிவதற்குள் 70 பேர் கைமாறுகிறது என்கிறார். ஒருவர் கோடு மட்டும் இழுப்பார், இன்னொருவர் வண்ணம் மட்டும் நிரப்புவார். உருகிச் சொன்னேன். “எழுபது பேர் கை பட்ட பாத்திரத்தை நான் ஒருத்தி கழுவக் கூடாதா?” என்றாள். கழுவலாம், கம்பிநார் போடாமல். நீலம் கண்ணாடிப் பூச்சுக்கு அடியில் இருப்பதால் தப்பித்துக்கொள்ளும். சிவப்பும் பச்சையும் பூச்சுக்கு மேலே வரைந்து, குறைந்த சூட்டில் மறுபடி சுட்டவை, தேய்த்தால் போய்விடும். சேவலைத் தேய்த்து வெறும் கிண்ணமாக்க ஒரு மாதம் போதும்.

ஹாலிவுட் சாலையிலும் அதற்குக் கீழே கேட் ஸ்ட்ரீட்டிலும் சனிக்கிழமை சாயங்காலம் சுற்றுவது என் பொழுதுபோக்கு. கடைக்காரர்களுக்கெல்லாம் ஒரே தாத்தா. அவர் ஒரே படகில் தப்பி வந்தவர், வரும்போது ஒரே ஒரு ஜாடியை மடியில் வைத்திருந்தவர். ஜாடியைச் சுண்டிக் காட்டுவார்கள், ‘டிங்’ என்று கேட்கும். நேற்றுச் செய்ததும் அப்படித்தான் கேட்கும். புதுப் பாத்திரத்தைத் தேநீரில் ஊறவைத்து, மண்ணில் புதைத்து வயசாக்குவார்கள். உடைந்துபோன அசல் ஜாடியின் அடியை மட்டும் வெட்டியெடுத்துப் புது உடம்பில் பொருத்துகிற கைகாரர்களும் உண்டு; என்னைப் போல அடியைப் பார்க்கிறவர்களுக்காகவே செய்யும் சேவை. சீனப் பெருநிலத்தில் 1911-க்கு முந்தைய பழம்பொருளைப் பொதுவாக வெளியே கொண்டுபோகக் கூடாது. அதனால் அங்கே ஒரு கடையில் விலை பேசும்வரை முந்நூறு வயதாக இருக்கும் ஜாடி, பில் எழுதும்போது புதுக் கைவினைப் பொருளாகிவிடும். அந்தக் கடையில் உண்மை எழுதியிருக்கும் ஒரே காகிதம் பெரும்பாலும் அந்தப் பில்தான்.

நான் வாங்குவது சாமானியர் வீட்டுச் சமையலறைக் கிண்ணங்களை. 1822-இல் தேக் சிங் என்ற சீனக் கப்பல் அமோயிலிருந்து பட்டாவியாவுக்குப் போகும் வழியில் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள், பாத்திரங்கள் பிழைத்துக்கொண்டன. சுமார் மூன்றரை லட்சத்தை 1999-இல் கடலடியிலிருந்து எடுத்து, மறு வருஷம் ஜெர்மனியில் ஏலம் விட்டார்கள். இத்தனை லட்சம் இருந்தால் விலை ஏறுமா? அதில் ஒரு தட்டு என்னிடம் இருக்கிறது. பூச்சு மங்கி, உப்புநீர் அரித்து, பூ இருந்த இடத்தில் பூவின் சந்தேகம் மட்டும் மிச்சம். மலிவான பொருளைப் போலி செய்து யாருக்கு என்ன லாபம்? அதனாலேயே நிம்மதியாகத் தூங்குகிறேன்.

நீங்கள் ஹாங்காங் வந்தால், கடைக்காரர் தாத்தா கதையை ஆரம்பித்ததும் உட்கார்ந்து முழுக்கக் கேளுங்கள். நன்றாகவே இருக்கும், காசும் கிடையாது. வாங்குவதென்றால் முத்திரையே இல்லாத, விளிம்பில் சில்லு தெறித்த கிண்ணமாகப் பார்த்து எடுங்கள். பேரத்தைப் பாதி விலையில் தொடங்காதீர்கள், கால்வாசியில் தொடங்குங்கள்.