தசமப்புள்ளிக்காரர்

தெருவுக்கு ஒருவராவது இருப்பார். பெட்ரோல் பங்கில் மற்றவர்கள் ‘ஜீரோ’ பார்த்த கையோடு செல்போனுக்குள் தலையை விட்டுக்கொள்ள, இவர் மட்டும் பம்ப் திரையிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். சென்னையில் லிட்டர் 102.63-க்கு விற்ற நாட்களில் 500 ரூபாய்க்குப் போட்டால் திரை 4.87 லிட்டர் காட்டும். மனக்கணக்காகவே பெருக்கி, 499.81 என்று கண்டுபிடித்து, “மீதி 19 பைசா?” என்று இவர் வாயைத் திறப்பதற்குள் பின்னால் நிற்கும் ஆட்டோ ஹாரன் அடித்துவிடும். திரையில் இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம், மூன்றாவது இலக்கம் டேங்குக்குள் போயிருக்கும் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறார். இந்த ரகத்து ஆசாமிகளைக் கஞ்சர்கள் என்று நாம் தள்ளிவிடுகிறோம். கஞ்சராக இருந்தால் கடைக்காரர் தவறிப்போய் 2 ரூபாய் கூடுதலாகக் கொடுத்த அன்று வாயை மூடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருப்பார். இவரோ திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். கூடவே பத்து நிமிடப் பிரசங்கமும் உண்டு. கடைக்காரருக்கு அந்த 2 ரூபாய் போயிருந்தாலே தேவலை.

இந்த ரகத்துக்குப் பிறந்தநாள் ஒன்று குறிக்க வேண்டுமென்றால் 1957 ஏப்ரல் 1-ஐக் குறிக்கலாம். 16 அணாவாக இருந்த ரூபாய் 100 நயா பைசாவானது அன்றுதான். ஓர் அணாவுக்கு 6.25 வரவேண்டும். கால் பைசாவுக்குக் காசு ஏது? ஆகவே மாற்று அட்டவணையில் 1 அணாவுக்கு 6, 2 அணாவுக்கு 12, 3 அணாவுக்கு 19 என்று போட்டார்கள். ஒவ்வோர் அணாவாகப் பதினாறு தடவை மாற்றியவருக்குக் கிடைத்திருக்கக்கூடியது 96 பைசா. மும்மூன்று அணாவாக ஐந்து தடவை மாற்றி, மிஞ்சிய ஓர் அணாவைக் கடைசியில் நீட்டியிருந்தால் 101. ஊரே புதுக்காசு பிடிபடாமல் முழித்த நேரத்தில், இதைக் கணக்குப் போட்டுவிட்டுத் திண்ணையில் யாராவது ஒருவர் மீசைக்குள் சிரித்திருக்கமாட்டாரா என்ன? புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டும்போது அது யாரோ ஒருவர் பக்கம்தான் விழுகிறது. யார் பக்கம் என்று கேட்கிற ஒரே பிரஜை நம் ஆள். அதனால்தான் அவரைக் கேலி செய்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்கச் சொல்கிறேன்.

“பைசா சமாசாரம், போனால் போகிறது” என்பார்கள். 1982-இல் கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை 1000 புள்ளியில் ஒரு குறியீட்டெண்ணைத் தொடங்கியது. ஒவ்வொரு தடவை கணக்கிடும்போதும் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கத்துக்கு மேல் வருவதைக் கணினி வெட்டி எறிந்தது. இரண்டே வருடத்துக்குள், 1100-ஐ ஒட்டி நின்றிருக்க வேண்டிய எண் 520 சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. நம் ஊர் உதாரணம்தான் வேண்டுமென்றால் நகைக்கடைக்கு வரலாம். கொத்தமல்லிக் கட்டுக்கு 5 ரூபாய் குறைக்கச் சொல்லிப் பத்து நிமிடம் நிற்கிற குடும்பம், இங்கே குளிர்ந்த மோரைக் கையில் வாங்கியதும் சாந்தமாகிவிடுகிறது. “சேதாரம் பன்னிரண்டா, பதினொன்றரையா?” என்று கேட்பவர் நம் ஆள் ஒருவர்தான். மனைவி முழங்கையால் இடிப்பார். ஆனால் ஐந்து சவரன் என்றால் 40 கிராம்; அதில் அரை சதவீதம் 0.2 கிராம். கிராம் பத்தாயிரம் என்று வைத்தாலே 2,000 ரூபாய். கொத்தமல்லி விஷயம் ஆயுசுக்கும் தீர்ந்தது.

“நம் பெரியவர்கள் இப்படியா புள்ளி வைத்துக்கொண்டு அலைந்தார்கள்?” என்றும் ஒரு ஆட்சேபணை உண்டு. அந்தப் பெரியவர்கள் முந்திரி என்று 320-இல் ஒரு பங்குக்குப் பெயர் வைத்திருந்தார்கள். அதுவும் போதாமல் அதையே இன்னொரு 320 கூறு போட்டு, கீழ்முந்திரி என்று பையன்களை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் இரண்டு இலக்கத்தோடு நிற்கும் நம் ஆள் தாராள மனசுக்காரர்.

அவரிடம் எனக்குள்ள வழக்கு வேறு. ஓடிய தூரம் 214 கிலோமீட்டர், போட்டது 4.87 லிட்டர், மைலேஜ் 43.94 என்று டைரியில் எழுதுகிறாரே, அங்கேதான் சறுக்குகிறார். வண்டியை சைடு ஸ்டாண்டில் சாய்த்து ‘ஃபுல்’ போட்டால் ஓர் அளவு, நிமிர்த்திப் போட்டால் இன்னோர் அளவு. இந்த அழகில் அந்த 0.94-ஐ எங்கிருந்து பிடித்தார்? 44-ஐ ஒட்டி என்று சொன்னால் போதும். சொல்லமாட்டார். போன மாதம் 44.11 இருந்ததாம், மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போய்விடுவார். அளந்தது எவ்வளவு நுணுக்கமோ அதற்கு மேல் கணக்கில் நுணுக்கம் காட்டக்கூடாது என்று அவரிடம் சொன்னால், கணக்கை அவமதித்ததாக முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஹோட்டல் பில்லைப் பங்கு போடுகிற இடத்தில் மட்டும் அவர் தானாகவே திணறுவார். 25 பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் 2011-இலேயே செல்லாமல் போயின. செல்போன் வழியாகப் பணம் அனுப்பும் வசதி வந்ததும் அவருக்கு மட்டும் அவை உயிர்த்தெழுந்துவிட்டன. ஆறு பேர் சாப்பிட்ட பில் 1,385. தலைக்கு 230.8333... என்று மூன்று முடிவில்லாமல் ஓடும். ஐந்து பேரும் 230.83 அனுப்பினால், பில் கட்டியவர் தலையில் 230.85 விழுகிறது, 2 பைசா அநியாயம். 230.84 அனுப்பினால் கட்டியவருக்கு 230.80-தான் ஆகிறது, 4 பைசா லாபம். மற்ற ஐவரும் பீடா போட்டுக்கொண்டு வாசலில் நிற்க, இவர் பில்லைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதத் தொடங்குவார்.