புரியாது என்று யார் சொன்னது?

மருத்துவ அறத்துக்கென்று 1993இல் மும்பையில் தொடங்கிய ஆய்விதழ் ஒன்று உண்டு. படிக்கக் காசு வேண்டாம், ஆங்கிலம் இருந்தால் போதும். நோயாளியின் சம்மதம் அங்கே ஓயாமல் அலசப்படுகிறது. நோயாளிதான் அந்தப் பேச்சில் இல்லை. இதழ் மருத்துவர்களுக்கானது என்பார்கள். சரி, சட்டம்? 2008இல் சமிரா கோஹ்லி வழக்கில், பரிசோதனைக்குச் சம்மதித்த பெண்ணின் கருப்பையை மயக்கத்திலேயே அகற்றியது தவறு என்றது உச்ச நீதிமன்றம். இழப்பீடு 25,000 ரூபாய். அதே தீர்ப்பு, நம் மக்களில் பெரும்பாலோர் ஏழைகள், எழுத்தறிவு குறைந்தவர்கள் என்பதால் அமெரிக்க அளவுக்கு விளக்கம் இங்கே சரிப்படாது என்றும் சொன்னது. காப்பிக்கொட்டையின் ஈரத்துக்கு வியாபாரி எவ்வளவு கழிக்கிறார் என்று மல்லுக்கட்டும் வடகவுஞ்சி மலைக்கிராமத்துக்காரருக்குத் தன் வயிற்றுக்குள் எதை எடுக்கப்போகிறார்கள் என்பது மட்டும் விளங்காதாம். விளக்க நேரமில்லை என்று மருத்துவர்கள் சொல்லட்டும், ஆஸ்பத்திரிக் கூட்டத்தைப் பார்த்தால் அது நியாயம்தான். பழியை ஏன் கைநாட்டின்மேல் போட வேண்டும்?