கண்ணடிக்கும் ஹெட்லைட்

கேள்வி: இரவில் ஹெட்லைட் மினுக் மினுக் என்கிறது. எதிரே வருகிறவர்கள் நான் ஏதோ சைகை காட்டுவதாக நினைத்து பதிலுக்கு லைட் அடிக்கிறார்கள். புது பேட்டரி வாங்கிவிடலாமா? (வாசகர், விருதுநகர்)

பதில்: பர்ஸை உள்ளே வையுங்கள். காரை ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி லைட்டைப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மினுக்கினால் பேட்டரிமேல் குற்றமில்லை. அந்தப் பக்கத்து பல்பு, கப்ளர், எர்த் வயர் இவற்றில் ஒன்றுதான் காரணம். இரண்டும் சேர்ந்து துடித்தால்தான் ரிலே, சுவிட்ச், பேட்டரி டெர்மினல், டைனமோ என்று தேட வேண்டும்.

கேள்வி: எனக்கு இடதுபக்கம் மட்டும்தான். பள்ளத்தில் இறங்கினால் அணைகிறது, பானெட்டைத் தட்டினால் எரிகிறது. (வாசகி, தூத்துக்குடி)

பதில்: தட்டினால் எரிகிறதென்றால் எங்கோ லூஸ் கனெக்‌ஷன். நல்ல சகுனம், செலவு குறைவு. லைட்டை அணைத்து, பல்பு ஆறியதும் பின்னாலுள்ள ரப்பர் மூடியை எடுத்துவிட்டுக் கப்ளரை உருவுங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ இருந்தால் ஆள் அகப்பட்டார். 60/55 வாட் எச்4 பல்பு இருக்க வேண்டிய இடத்தில் 100/90 போட்டவர்கள் வண்டியில் இது சகஜம். புதுக் கப்ளர் போடுங்கள். வயரை முறுக்கி டேப் சுற்றிச் சமாளிக்க வேண்டாம். பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது. எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகமாகச் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும்.

கப்ளர் சுத்தமென்றால் எர்த்தைப் பாருங்கள். உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு மிகவும் பிடித்த இடம் அது. ஹெட்லைட்டிலிருந்து வரும் எர்த் வயர் பாடியில் ஒரு போல்ட்டில் சேரும். அந்த போல்ட்டைக் கழற்றி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நிச்சயம்: லைட் எரியும்போது ஒரு முனையை பேட்டரி மைனஸிலும், மற்றதை கப்ளரின் பின்பக்கம் எர்த் வயர் நுழையும் இடத்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் எர்த் நலம். ஒரு வோல்ட் காட்டுகிறதா? ஒன்றுதானே என்று விட்டுவிடாதீர்கள். ஹாலோஜன் பல்புக்கு 10 சதவீதம் வோல்ட்டேஜ் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். சாலையோரம் லைட் இல்லாத சைக்கிளில் போகிறவர் நம் கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும் அந்த முப்பதில்தான் இருக்கிறது.

கேள்வி: சிக்னலில் நின்றால் இரண்டு லைட்டும் மங்குகின்றன, ரேஸ் செய்தால் பளிச்சிடுகின்றன. (வாசகர், சேலம்)

பதில்: முதலில் டெர்மினல். வெள்ளையாகப் பூத்திருந்தால் மைனஸை முதலில் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவித் துடைத்து, மைனஸைக் கடைசியாக மாட்டுங்கள். பிறகு பேட்டரியில் மீட்டரை வையுங்கள். எஞ்சின் அணைந்து சற்று நேரமானதும் 12.6 வோல்ட், ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஓடும்போதும் 13-ஐத் தொடாவிட்டால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், டைனமோ சோர்ந்திருக்கலாம். எண் மேலும் கீழும் குதித்தால் ரெகுலேட்டர்மேல் சந்தேகப்படுங்கள். ஏசி போடும் அந்தக் கணத்தில் மட்டும் லேசாக மங்குவது நோயல்ல. எஞ்சின் ஓடும்போது துண்டு, துப்பட்டா, விரல் எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

கேள்வி: மெக்கானிக் எஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி டைனமோவைச் சோதித்தார். வண்டி நிற்கவில்லை, ஆகவே டைனமோ நன்றாக இருக்கிறதாமே? (வாசகர், கும்பகோணம்)

பதில்: அடுத்த முறை அவர் கையைப் பிடித்துத் தடுங்கள். கம்ப்யூட்டர் இல்லாத பழைய கார்களின் காலத்துப் பழக்கம் அது. பேட்டரியைத் திடீரென்று பிரித்தால் வோல்ட்டேஜ் ஒரு கணத்தில் பல மடங்கு எகிறும். சில நூறு ரூபாய் மீட்டர் சொல்லக்கூடிய பதிலுக்கு, பல ஆயிரம் ரூபாய் கார் கம்ப்யூட்டரை (இசியு) பணயம் வைக்கலாமா?

கேள்வி: எல்இடி பல்பு மாட்டிய நாளிலிருந்து மினுக்கல். (வாசகர், கோவை)

பதில்: சில கார்களின் கம்ப்யூட்டர் பல்புக்கு மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும். ஹாலோஜன் இழை சூடாகவே இருப்பதால் அது தெரியாது. எல்இடி உடனுக்குடன் அணைந்து எரியும். டீகோடர் போட்டால் பெரும்பாலும் நிற்கும். ஆனால் என் யோசனை, பழைய ஹாலோஜனையே திரும்ப மாட்டுங்கள். ஹாலோஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்இடி வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவரின் கண்ணைக் கூச வைக்கும்.

கேள்வி: கம்பெனியே பொருத்திய எல்இடி, கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிகிறது, செல்போன் வீடியோவில் மட்டும் மினுக்குகிறது. (வாசகி, மதுரை)

பதில்: போனை உள்ளே வைத்துவிட்டுச் சாலையைப் பாருங்கள். லைட்டுக்கு ஒன்றுமில்லை.

கேள்வி: இதில் எதை வீட்டில் தொடவே கூடாது? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ரிலேயைத் தாராளமாகத் தொடலாம். ஃபியூஸ் பெட்டியில் அதே எண் போட்ட ஹாரன் ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். மினுக்கல் நின்றால் பழைய ரிலேதான் குற்றவாளி. ஆனால் ஏர்பேக் உள்ள காரில் ஸ்டியரிங் பக்கத்து லைட் சுவிட்சை அசைத்தால் மினுக்குகிறதென்றால், அதைப் பிரிக்காமல் பகல் வெளிச்சத்திலேயே ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிச் செல்லுங்கள்.